தண்டவாளம் போட்டவர், தண்ணீருக்கு வாதாடியவர்

இந்தியாவில் முதல் ரயில் எங்கே ஓடியது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம். 1853 ஏப்ரல் 16, பம்பாயிலிருந்து தானே வரை. பயணிகள் ரயில் என்று பார்த்தால் அது சரிதான். ஆனா அதுக்கு 16 வருஷம் முன்னாடியே, 1837ல், நம்ம மெட்ராஸ் பக்கம் தண்டவாளம் போட்டு, அதன் மேல் நீராவி எந்திரத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை பாலம் வரை போன அந்த ரயிலில் ஆள் ஏறவில்லை, கல்தான் ஏறியது. அதைப் போட்ட இன்ஜினியர் கேப்டன் ஆர்தர் காட்டன்.

இதில் வேடிக்கை என்னன்னா, அதே காட்டன்தான் பின்னாளில் லண்டன் வரை போய், இந்தியாவுக்கு இத்தனை ரயில் தேவையில்லை, முதலில் தண்ணீர் கொடுங்கள் என்று பார்லிமெண்ட் கமிட்டி முன்னால் சண்டை போட்டார். ரயிலைத் தெரியாதவர் எதிர்த்திருந்தால் பழமைவாதி என்று தள்ளிவிடலாம். இவர் அதைக் கையால் போட்டுப் பார்த்தவர்.

காட்டன் 1803 மே 15ல் இங்கிலாந்தில் பிறந்தார். பதினோரு அண்ணன் தம்பிகளில் பத்தாவது. வீட்டில் இத்தனை பேர் இருந்தால் சொத்து பங்கு வராது, வேலைக்குத்தான் போகணும். 15 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1821ல் மெட்ராஸ் வந்து இறங்கும்போது வயசு 18. இன்றைக்கு நம்ம ஃபர்ஸ்ட் இயர் பசங்க வயசு.

அவருக்குக் கிடைத்த ஆரம்ப வேலைகளில் ஒன்று தென் மாவட்டங்களின் ஏரி, கண்மாய்ப் பராமரிப்பு. மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்ற வேண்டியிருந்தது. கண்மாய் என்றால் என்ன, மடை என்றால் என்ன, கலுங்கு வழியாக உபரித் தண்ணீர் எப்படி அடுத்த கண்மாய்க்குப் போகும் என்பதெல்லாம் அவர் புத்தகத்தில் படித்ததல்ல, இந்த வறண்ட மண்ணில் பார்த்துக் கற்றது. பாம்பன் நீரிணையை அளந்து ஆய்வு செய்யும் வேலையும் அந்தக் காலத்தில்தான் வந்தது. கப்பல் போக அந்த வாயை ஆழப்படுத்த முடியுமா என்பது கேள்வி. (அதே பாம்பனில் 1914ல் ரயில் பாலம் வந்தது. 2025ல் அதற்குப் பக்கத்தில் புதுப்பாலமும் வந்துவிட்டது.)

அடுத்து காவிரி. அந்த நேரத்தில் தஞ்சாவூர் டெல்டா மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரியும். வடக்கே போவது கொள்ளிடம். அது நேராகவும் சரிவாகவும் கடலுக்குப் போவதால், வருடா வருடம் தண்ணீர் அந்தப் பக்கமே அதிகமாக இழுத்துக்கொண்டது. காவிரியில் மணல் மேடு தட்டியது. காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலையில் குறுக்கே மேலணை கட்டினார். இன்னும் கீழே அணைக்கரையில் கீழணை. இரண்டும் 1836ல் முடிந்தன. வீராணம் ஏரிக்கு இன்றைக்கும் தண்ணீர் கீழணையிலிருந்துதான் போகிறது. மேலணை 182 வருஷம் தாங்கிவிட்டு 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சில மதகுகளை இழந்தது. அதை நியூஸில் நாம் எல்லாரும் பார்த்தோம்.

மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை அவர் யாரிடம் கற்றார் என்பதை அவரே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். கல்லணையிடம்தான். பாறை கிடைக்கும்வரை தோண்டாமல், மணல் மேலேயே பெரிய கற்களைப் போட்டுப் போட்டு, அவை அமுங்கி நிலைத்த பிறகு மேலே கட்டும் முறை. பெயர் தெரியாத நம் ஊர்க் கொத்தனார்கள் கண்டுபிடித்தது. ஐரோப்பியப் படிப்பில் இல்லாத பாடம்.

சரி, ரயிலுக்கு வருவோம்.

மெட்ராஸ் நகரத்தில் ரோடு போட கல் வேண்டும். செங்குன்றத்தில் செம்புரைக்கல் நிறைய. மாட்டு வண்டியில் கொண்டுவந்தால் வண்டி போகும் ரோடே அந்தப் பாரத்தில் கெட்டுப்போகும், அதைச் சரிசெய்ய மறுபடி கல் வேண்டும். இங்கிலாந்தில் ஸ்டாக்டன் – டார்லிங்டன் ரயில் 1825லும், லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில் 1830லும் ஓடத் தொடங்கியிருந்தன. அதிலிருந்து ஏழே வருஷத்தில் இங்கே செங்குன்றம் ரயில் வந்துவிட்டது.

எந்திரம் மட்டும் ஸ்டீவன்சன் மாடல் இல்லை. பிஸ்டன் முன்னும் பின்னும் போய் சக்கரத்தைத் தள்ளும் வகைக்குப் பதிலாக, சுழல் நீராவி எந்திரம். வில்லியம் ஏவரி என்பவரின் பெயர் இதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஏவரியின் தத்துவம் ரொம்ப எளிது. உள்ளே குழாயாக இருக்கும் இரண்டு கைகள். நடுவில் நீராவி நுழைந்து, கைகளின் நுனியில் இருக்கும் துளை வழியாக எதிரெதிர்ப் பக்கம் பீய்ச்சி வெளியேறும். அந்த எதிர்விசையில் கை சுழலும். தோட்டத்தில் சுற்றும் தண்ணீர்த் தெளிப்பான் மாதிரி. அலெக்சாந்திரியாவின் ஹீரோ சுமார் 2,000 வருஷம் முன்பு செய்த பொம்மையும் இதுதான், தெர்மல் பேப்பரில் நாம் படிக்கிற ரியாக்ஷன் டர்பைனின் பாட்டனும் இதுதான்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு இதன் குறை உடனே புரியும். பீய்ச்சும் நீராவியின் வேகம் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர். கையின் நுனியும் அதற்கு ஈடான வேகத்தில் சுற்றினால்தான் சக்தி முழுசாகக் கிடைக்கும். ஆனால் கல் வண்டியின் சக்கரம் மெதுவாக உருள வேண்டும். நடுவில் ஏகப்பட்ட பல்சக்கரம் போட்டு வேகத்தைக் குறைக்கணும். அப்புறம் ஒரு ரயிலுக்கு மிக அதிக இழுவிசை தேவைப்படுவது நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது. இந்த எந்திரம் நீராவியின் சக்தியை மிக மோசமாகப் பயன்படுத்துவதும் அதே நேரத்தில்தான். நீராவி வீணாகும், விறகு தீரும், வண்டி நகராது. பிஸ்டனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. சிலிண்டருக்குள் நீராவி நிறைந்தாலே தள்ளத் தொடங்கிவிடும். செங்குன்றம் பாதையில் பெரும்பாலும் வண்டிகளை இழுத்தது கால்நடைகள்தான். 1840களின் நடுவில் அந்த ரயில் இல்லாமலே போனது.

நம்மில் பலருக்கு ப்ராஜெக்ட் ஓடாவிட்டால் அதைப் பற்றிப் பேசவே பிடிக்காது. காட்டன் தண்டவாளத்தைக் கைவிடவில்லை. கோதாவரியில் தவளேஸ்வரம் அணை கட்டும்போது கல் சுமக்க மறுபடி தண்டவாளம்தான் போட்டார். அவர் பாடமாக எடுத்துக்கொண்டது, தண்டவாளம் ஒரு நல்ல கருவி, ஆனால் எந்த வேலைக்கு, எந்த விலைக்கு என்று கேட்காமல் போடக்கூடாது என்பதாக இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தவளேஸ்வரம் கதை ஆந்திராக்காரர்களுக்கு மனப்பாடம். 1830களின் பஞ்சத்தில் கோதாவரி, கிருஷ்ணா மாவட்டங்கள் காலியாயின. ஆறு நிறையத் தண்ணீர் கடலுக்குப் போக, கரையில் மக்கள் பட்டினி. 1847ல் தொடங்கி 1852க்குள் அணை முடிந்தது. நடுவில் வெயிலும் காய்ச்சலும் தாக்கி அவர் உடம்பு பலமுறை படுத்தது. அணையிலிருந்து பிரிந்த கால்வாய்களை வெறும் பாசனத்துக்காக மட்டும் வெட்டவில்லை, படகு போகும் அகலத்தில் வெட்டினார். விளைந்த நெல் அதே தண்ணீரில் ஏறிக் காக்கிநாடா வரை போனது. இன்றைக்கும் அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை இருக்கு. ஆற்றில் குளித்துச் சங்கல்பம் சொல்லும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு என்பார்கள்.

இந்த இடத்தில்தான் அவருக்கும் ரயில்காரர்களுக்கும் தகராறு தொடங்குகிறது.

1849லிருந்து இந்திய ரயில் கம்பெனிகளுக்கு லண்டனில் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். பங்கு போடுபவருக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் லாபம் உத்தரவாதம். ரயில் லாபம் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி. குறைகிற பணத்தை யார் கட்டுவது? இந்திய வரிப்பணம்தான், அதாவது நம்ம ஊர் விவசாயி. நஷ்டமே வராது என்று தெரிந்தால் எந்தக் கம்பெனி செலவைக் குறைக்கும்? எஞ்சின், தண்டவாளம், பாலத்து இரும்பு எல்லாம் கப்பலில் வந்தன. மெட்ராஸ் ரயில்வே 1856 ஜூலை 1ல் ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் ஓடத் தொடங்கியது. 1861ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர், அடுத்த வருஷம் திருச்சி. இந்தத் தென்பாதை துறைமுகத்தில் தொடங்கி உள்ளே வந்ததைக் கவனிங்க. சரக்கு உள்ளிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து உள்ளேயும் போகத்தான் அது.

காட்டனின் கணக்கு எளிமையானது. சாலையில் ஒரு டன் இழுக்கத் திணறும் குதிரை, தண்டவாளத்தில் தோராயமாக 8 டன் இழுக்கும். அதே குதிரை கால்வாய்க் கரையில் நடந்து படகை இழுத்தால் 30 டன்னுக்கு மேல் இழுக்கும். மெதுவாகப் போகும்வரை தண்ணீரின் எதிர்ப்பு ரொம்பக் குறைவு. நெல்லுக்கும் பருத்திக்கும் வேகம் தேவையில்லை, மலிவான வாடகைதான் தேவை. அதைவிட முக்கியமாக, ரயில் இருக்கும் தானியத்தை இடம் மாற்றும், ஒரு படி கூட விளைய வைக்காது. கால்வாய் இரண்டையும் செய்யும். இதை அவர் புத்தகமாக, கடிதமாக, சொற்பொழிவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1861ல் சர் பட்டம் வந்தது. அதிகாரிகள் மட்டும் தலையில் தண்ணீர் ஏறியவர் என்று அவரைக் கேலி செய்தார்கள்.

இப்போ மதுரைக்கு வரலாம்.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு மீட்டர் கேஜ் பாதை 1875ல் வந்தது. அங்கிருந்து தூத்துக்குடிக்கு நீண்டது. அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் இளவரசர் இலங்கையிலிருந்து தூத்துக்குடியில் இறங்கி, இந்தப் புத்தம் புதுப் பாதையில் மதுரை வந்தார். பிறகு மெட்ராஸ் போய்த் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வைகைக் கரையில் நீராவி எஞ்சினைப் பார்த்து நம்ம ஊர் ஜனம் எப்படி வாயைப் பிளந்திருக்கும்! 1876 தொடக்கத்திலிருந்து மதுரையும் தூத்துக்குடித் துறைமுகமும் ரயிலால் இணைந்துவிட்டன. வண்டியில் நாள் கணக்கில் போன பருத்தி, ஒரே நாளில் கடற்கரைக்குப் போனது.

அதே 1876ல் மழை பொய்த்தது.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை மெட்ராஸ் மாகாணமே காய்ந்தது. பிரிட்டிஷ் பகுதிகளில் மட்டும் இறந்தவர்கள் சுமார் 55 லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிட அதிகம் என்பவர்களும் உண்டு. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஒரு அணா. அதை வாங்கிக்கொண்டு மண் சுமக்கணும். மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றிய கதையை இன்றும் சொல்கிறார்கள். ராமநாதபுரம், மதுரை பக்கமிருந்து ஜனங்கள் பாம்பன் வழியாகவும் தூத்துக்குடி வழியாகவும் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கிளம்பினார்கள்.

ரயில் இருந்ததே, அது என்ன செய்தது? நியாயமாகச் சொல்லணும்னா, இரண்டும் செய்தது. மெட்ராஸ் கடற்கரையில் கப்பலிலிருந்து இறங்கிய அரிசி மூட்டைகள் மலையாகக் குவிந்தன, அதை உள்ளே கொண்டுபோனது ரயில்தான். இருந்த வண்டிகள் போதாமல் மூட்டைகள் தேங்கவும் செய்தன. இன்னொரு பக்கம், ரயில் வந்த பிறகு தானியத்துக்கு உள்ளூர் விலை என்று ஒன்று இல்லாமல் போனது. எங்கே விலை அதிகமோ அங்கே வியாபாரி ஏற்றி அனுப்பிவிடுவார். பஞ்சம் இல்லாத ஊரிலும் விலை ஏறியது. முன்பு பக்கத்து ஊர்க் குதிரில் கிடந்த கம்பும் கேழ்வரகும் இப்போது ஸ்டேஷனுக்குப் போயின. காசு இருந்தவனுக்கு ரயில் சோறு கொண்டுவந்தது. காசு இல்லாதவன் ஸ்டேஷன் வாசலிலேயே செத்தான். இந்தியா முழுக்க எடுத்துக்கொண்டால், அந்தப் பஞ்ச வருஷங்களிலும் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது.

காட்டனுக்கு அப்போது வயசு 75. ஓய்வு பெற்று இங்கிலாந்தில் இருந்தார். 1878ல் பார்லிமெண்டின் தேர்வுக் கமிட்டி, இந்தியப் பொதுப்பணிச் செலவை விசாரிக்க அவரைக் கூப்பிட்டது. அவர் தன் பழைய கனவை மேசையில் விரித்தார். கல்கத்தாவிலிருந்து கராச்சி, காக்கிநாடாவிலிருந்து சூரத், துங்கபத்திரை வழியாகக் கார்வார், பாலக்காடு – கோயம்புத்தூர் வழியாகப் பொன்னானி என்று நாட்டைக் குறுக்கே வெட்டும் படகுக் கால்வாய்கள். நதிநீர் இணைப்பு என்று நாம் இன்று பேசுவதன் முதல் வரைபடம் ஏறக்குறைய இதுதான். கமிட்டி அவரைக் கேள்விகளால் துளைத்தது. திட்டம் தேறவில்லை.

கமிட்டி முழுக்க முட்டாள்தனமாக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். காட்டன் தூண்டுதலில் தனியார் கம்பெனி வெட்டிய கர்னூல் – கடப்பா கால்வாய் செலவில் எகிறி, வருமானத்தில் படுத்து, கடைசியில் 1882ல் அரசே வாங்கவேண்டி வந்தது. கோதாவரி டெல்டாவின் சமதளத்தில் ஓடிய கணக்கு, தக்காணத்தின் மேட்டில் ஓடவில்லை. மேடு ஏற பூட்டுமதகு வேண்டும், கோடையில் ஆறே காய்ந்தால் படகுக்குத் தண்ணீர் எங்கே? படகு விஷயத்தில் அவர் ஆசை கணக்கை மீறிவிட்டது. தவிர, அவர் கம்பெனி அதிகாரிதான். தண்ணீர் கொடுத்தால் வரி பெருகும் என்பதையும் சேர்த்தே வாதாடினார். அவரைத் தியாகி ஆக்க வேண்டாம். ஆனால் பயிருக்குத் தண்ணீர் இல்லாத ஊருக்கு ரயில் மட்டும் விட்டால் என்ன ஆகும் என்ற இடத்தில், 55 லட்சம் உயிர் போன பிறகு, அவர் சொன்னது தப்பு என்று யாரும் நிரூபிக்கவில்லை. 1880ல் பஞ்சக் கமிஷன் ரயிலும் வேண்டும், பாசனமும் வேண்டும் என்றது.

பஞ்சத்தில் பிழைக்க வந்தவர்களை வைத்தே மெட்ராஸில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். பழைய கால்வாயோடு சேர்ந்து அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. இப்போது சென்னைப் பறக்கும் ரயிலின் தூண்கள் அந்தக் கால்வாய்க்குள்தான் நிற்கின்றன. அந்த ரயிலுக்குச் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு ஸ்டேஷன் இருக்கு. அந்தப் பேட்டையின் பாலத்தில்தான் காட்டனின் கல் ரயில் வந்து நின்றது.

மதுரைக்குத் தண்ணீர் வேறொரு இன்ஜினியர் மூலம் வந்தது. மேற்கே பாயும் பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பலாம் என்ற யோசனை 1808லேயே பார்க்கப்பட்டு, நடக்காது என்று மூடி வைக்கப்பட்டது. தாது வருஷச் சாவுக்குப் பிறகு அந்தக் கோப்பு மறுபடி திறந்தது. ஜான் பென்னிகுயிக் பொறுப்பேற்று, 1887ல் வேலை தொடங்கி 1895 அக்டோபரில் அணை திறந்தது. மேலூர் பக்கம் கள்ளிக்காடாகக் கிடந்த பூமி நெல் வயலானது. அந்த அணைக்கான இரும்பும் எந்திரமும் எப்படி வந்தன தெரியுமா? மதுரை – திண்டுக்கல் பாதையில் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன் வரை நீராவி ரயிலில். இன்று அதன் பெயர் கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து மாட்டு வண்டியில் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக மலைக்கு.

பெரியாறு திறந்தபோது காட்டன் உயிரோடுதான் இருந்தார், வயசு 92. டார்க்கிங் என்ற ஊரில், வீட்டுத் தோட்டத்தில் மண்ணை ஆழமாகக் கிளறிவிட்டால் கோதுமை எவ்வளவு கூடுதலாக விளையும் என்று சோதனை செய்துகொண்டிருந்தார். 1899 ஜூலை 24ல், 96 வயதில் இறந்தார்.